மின்னோட்டம், மின்னழுத்தம்: பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓமின் விதி (மின்னழுத்தம் = மின்னோட்டம் × தடை) தெரியாத பொறியியல் மாணவர் கிடையாது. பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆனாலும் லேபில் மீட்டரின் பியூஸ் போவது நிற்பதில்லை. தேர்வில் ஆயிரம் வாட்டுக்குள் வரவேண்டிய விடை ஒரு லட்சம் வாட்டாக வருவதும் நிற்பதில்லை. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அதில் போடும் மின்னழுத்தம் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது, மின்னோட்டம் எந்தக் கம்பி வழியே ஓடுகிறது என்று கேட்காமலே எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லப்படும் தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைத்தவைதான்.

மின்னழுத்தம் "ஓடுவது" இல்லை

"இந்தக் கம்பியில் 12 வோல்ட் ஓடுகிறது" என்று பேச்சில் சொல்லலாம். கணக்கில் அப்படி நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ஓடுவது மின்னோட்டம். மின்னழுத்தம் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. "இந்தப் புள்ளியில் 5 வோல்ட்" என்றால், சுழியம் என்று நாம் வைத்துக்கொண்ட கிரவுண்டை ஒப்பிட்டு 5 வோல்ட் என்று பொருள். கிரவுண்டை வேறு இடத்துக்கு மாற்றினால் அந்த 5 மாறும். ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மாறாது.

இதைப் பிடித்துக்கொள்ளாததால் வரும் குழப்பங்களில் பெரியது மின்கம்பி இழப்புக் கணக்கு. 230 வோல்ட்டில் 10 கிலோவாட் சுமை. போகவர உள்ள கம்பியின் மொத்தத் தடை 0.5 ஓம். கம்பியில் எவ்வளவு திறன் வீணாகிறது? மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தால் திறன் வரும் என்பது பலருக்கு நினைவுக்கு வரும். 230-ஐ இருமடியாக்கி 0.5-ஆல் வகுத்தால் 1,05,800 வாட். 10 கிலோவாட் சுமைக்கு நூறு கிலோவாட்டுக்கு மேல் இழப்பு! சூத்திரம் சரிதான், போட்ட மின்னழுத்தம்தான் தவறு. 230 வோல்ட் என்பது சுமையின் முனைகளுக்கு இடையே உள்ளது, கம்பியின் இரு முனைகளுக்கு இடையே உள்ளதல்ல. மின்னோட்டம் 10,000 ÷ 230, அதாவது 43.5 ஆம்பியர். கம்பியில் விழும் அழுத்தம் 43.5 × 0.5, ஏறத்தாழ 21.7 வோல்ட். இந்த 21.7-ஐ வைத்து அதே சூத்திரத்தைப் போட்டாலும், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினாலும் 945 வாட் பக்கத்தில்தான் விடை நிற்கும். அதே 10 கிலோவாட்டை 2,300 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு, இழப்பு நூறில் ஒரு பங்கு, 9.5 வாட்தான். தொலைதூர மின்தொடர்கள் உயர் அழுத்தத்தில் இயங்குவதற்கு இதுதான் காரணம்.

மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை

தொடர் இணைப்பில் இரண்டு விளக்குகள் இருந்தால் முதல் விளக்கு கொஞ்சம் மின்னோட்டத்தைச் "சாப்பிட்டுவிடும்", இரண்டாவதற்கு மீதிதான் போகும் என்ற எண்ணம் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமும் இருக்கிறது. விளக்குக்குள் போகும் மின்னோட்டமும் வெளியே வரும் மின்னோட்டமும் ஒன்றே. செலவாவது ஆற்றல். தண்ணீர்க் குழாய் உவமை இந்த ஓர் இடத்தில் கைகொடுக்கும், அதற்கு மேல் அதை இழுக்க வேண்டாம்: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும்.

எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன என்பதும் தவறு. 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது அவற்றின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் அதுவும் இல்லை. ஒரு மைக்ரானுக்கும் குறைவான தூரத்துக்குள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி நெடுக உள்ள மின்புலம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் பரவுவது. எலக்ட்ரான்கள் ஏற்கெனவே கம்பி முழுவதும் இருக்கின்றன. சுவிட்சிலிருந்து புறப்பட்டு வரவேண்டியதில்லை.

வைவாவில் ஆம்பியருக்கு வரையறை கேட்டால் இணையான இரு கம்பிகளுக்கு இடையிலான விசையைச் சொல்வது பழைய பாடம். 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலையாக வைக்கப்பட்டு, ஆம்பியர் அதிலிருந்து வரையறுக்கப்படுகிறது.

"2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் எரிந்துவிடுமா?"

குறைவான மின்னோட்டம் எடுக்கும் கருவிக்குப் போட்டாலும் எரியாது. அடாப்டரில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 5 வோல்ட்டைத் தாங்கிப்பிடித்தபடி 2 ஆம்பியர் வரை தரமுடியும் என்று பொருள். எவ்வளவு எடுப்பது என்பதைச் சுமை தீர்மானிக்கிறது. 50 ஓம் சுமை 0.1 ஆம்பியர்தான் எடுக்கும், அடாப்டரில் 2 என்று இருந்தாலும் 20 என்று இருந்தாலும். அழுத்தம் கூடிவிட்டால்தான் ஆபத்து.

எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் கணக்கிடும்போதும் "எந்த இரண்டு புள்ளி" என்ற கேள்வி வருகிறது. 5 வோல்ட் சப்ளை, 2 வோல்ட் எடுக்கும் சிவப்பு எல்.இ.டி., 15 மில்லி ஆம்பியர் தேவை. 5 ÷ 0.015 என்று போட்டு 333 ஓம் என்பார்கள். ரெசிஸ்டரின் மேல் விழுவது 5 அல்ல, 5-இல் 2 போக மீதி 3 வோல்ட். 3 ÷ 0.015 என்றால் 200 ஓம். கையில் எளிதில் கிடைக்கும் 220 ஓம் போதும், 13.6 மில்லி ஆம்பியர் பாயும். ரெசிஸ்டரே இல்லாமல் நேராக இணைப்பது இதைவிட மோசம். எல்.இ.டி. ஓமின் விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. அழுத்தம் சில பத்து மில்லிவோல்ட் கூடினாலே மின்னோட்டம் மடங்குகளில் ஏறும். அதேபோல், ஒரே ரெசிஸ்டரின் பின்னால் இரண்டு எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் போடவேண்டாம். இரண்டின் அழுத்தமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, குறைவாக உள்ளது பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும்.

ரெசிஸ்டரின் ஓம் மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு வாட் மதிப்பை மறப்பதும் உண்டு. 100 ஓம் மீது 12 வோல்ட் விழுந்தால் 1.44 வாட் வெப்பம். கிட்டில் இருக்கும் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 2 வாட்டுக்குக் குறையாமல் போடவேண்டும். 3 வாட் என்றால் நிம்மதி.

இழை விளக்கைச் சாதாரண ரெசிஸ்டராக நினைப்பது

230 வோல்ட், 60 வாட் இழை விளக்கின் தடை கணக்குப்படி 882 ஓம். அதே விளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டு எண்ணும் சரி. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகிறது, தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் குளிர்ந்த இழை வழியே பல மடங்கு மின்னோட்டம் பாய்வதால்தான் இந்த விளக்குகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆகின்றன.

60 வாட், 100 வாட் விளக்குகளைத் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்ற பழைய கேள்விக்கு 60 வாட்தான் விடை. அதன் தடை அதிகம், மின்னோட்டம் இரண்டுக்கும் ஒன்று. தடை மாறாது என்று வைத்துக்கொண்டு போட்டால் 23 வாட், 14 வாட் என்று வரும். ஆனால் இரண்டு இழைகளும் முழுச்சூட்டை எட்டாததால் உண்மை அளவீடு இதோடு ஒத்துப்போகாது. லேப் ரெக்கார்டில் அந்த வேறுபாட்டுக்கு "பரிசோதனைப் பிழை" என்று எழுதாமல் காரணத்தை எழுதுங்கள்.

மீட்டரை இணைக்கும்போது

அதிகச் சேதம் இங்கேதான். அம்மீட்டரை மின்னோட்டப் பாதையை வெட்டி இடையில் சேர்க்கவேண்டும். வோல்ட்மீட்டரை இரு புள்ளிகளுக்குக் குறுக்கே வைக்கவேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தும் பியூஸ் போகிறது. ஏனென்றால் மின்னோட்டத்தை அளந்துவிட்டுச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் வந்து டயலை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி பேட்டரியில் வைக்கிறார். ஒயர் அந்தத் துளையில் இருக்கும்வரை டயல் எங்கே இருந்தாலும் உள்ளே இருப்பது 0.01 ஓம் அளவுள்ள ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் மிகச் சிறிய தடை), ஏறக்குறைய நேரடி ஷார்ட். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பியூஸே இல்லாமலும் இருக்கும். மெயின்ஸில் இப்படி வைத்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். மின்னோட்டம் அளந்து முடித்ததும், டயலைத் தொடும் முன், சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

தடையை அளக்கும்போது சப்ளை நிறுத்தப்பட்டிருக்கவேண்டும், ரெசிஸ்டரின் ஒரு காலாவது சுற்றிலிருந்து விடுபட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் அதற்குப் பக்க இணைப்பில் உள்ளவற்றையும் சேர்த்தே மீட்டர் காட்டும். மெகாஓம் அளவுள்ளவற்றை இரண்டு கைவிரலாலும் பிடித்து அளந்தால் உங்கள் உடம்பும் ஒரு பக்க இணைப்புதான்.

மீட்டரே சுற்றை மாற்றிவிடுவதும் உண்டு. இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களை 10 வோல்ட்டில் தொடராகப் போட்டால் நடுவில் 5 வோல்ட். 10 மெகாஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட டிஜிட்டல் மீட்டர் 4.76 காட்டும். வோல்ட்டுக்கு 20 கிலோஓம் என்று குறிக்கப்பட்ட முள் மீட்டரை 10 வோல்ட் வீச்சில் வைத்தால் 1.43தான் காட்டும். சுமையில்லாமல் அளந்தால் பழைய பேட்டரியும் நல்ல பேட்டரிபோல் தெரிவதும் இதன் மறுபக்கம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடையில் (அக மின்தடை) அழுத்தம் எதுவும் விழாது. சுமையை ஓடவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

கிர்ச்சாஃப் விதியில் குறி

ஒரு சந்தியில் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம், ஒரு மூடிய சுற்றில் அழுத்த வேறுபாடுகளின் கூட்டுத்தொகை சுழியம் என்பவைதான் கிர்ச்சாஃப் விதிகள். சமன்பாடு எழுதும்போது மின்னோட்டத்தின் திசையை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தவறாக வைத்தால் விடை எதிர்க்குறியில் வரும், அவ்வளவுதான். நடுவழியில் "இது எதிர்த்திசை" என்று ஒரு சமன்பாட்டில் மட்டும் அம்புக்குறியைத் திருப்புவதால்தான் கணக்கு குலைகிறது. எலக்ட்ரான் போகும் திசையையும் மரபுத் திசையையும் கலப்பதும் அதே வகை.

12 வோல்ட் பேட்டரி, அக மின்தடை 2 ஓம். 6 வோல்ட் பேட்டரி, அக மின்தடை 4 ஓம். நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை. மின்னோட்டம் 6 ÷ 6, 1 ஆம்பியர். 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் 12-இல் 2 போக 10 வோல்ட். 6 வோல்ட் பேட்டரியின் முனைகளில் எவ்வளவு? 6-இல் 4 போக 2 என்று எழுதிவிடுகிறார்கள். அதன் நேர்முனை வழியே மின்னோட்டம் உள்ளே நுழைகிறது, அது சார்ஜ் ஆகிறது. எனவே 6-உடன் 4 சேர்ந்து 10 வோல்ட். முனை அழுத்தம் மின் இயக்கு விசையைவிட (மின்னோட்டம் இல்லாதபோது பேட்டரி காட்டும் அழுத்தம்) குறைவாகத்தான் இருக்கும் என்பது மின்னோட்டத்தைத் தரும் பேட்டரிக்கு மட்டும் பொருந்தும். திறனைக் கூட்டிப் பார்த்தால் சரிபார்த்துவிடலாம்: ஒன்று 12 வாட் தருகிறது, மற்றது 6 வாட் ஏற்கிறது, தடைகளில் 2-உம் 4-உம் வெப்பமாகின்றன.

ஏசிக்கு வந்தால்

230 வோல்ட் என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு (அதே வெப்பத்தைத் தரும் டிசி அழுத்தத்துக்குச் சமமான அளவு), உச்சம் 325. அதை நேராக ரெக்டிஃபையரில் (ஏசியை டிசியாக்கும் சுற்று) கொடுத்துவிட்டு 250 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் வெடிக்கும். 400 வோல்ட் வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வந்துவிடாது: 230 வோல்ட், 5 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (இந்தப் பெருக்கலில் உண்மைத் திறனாகும் பங்கு) 0.8 என்றால் 1,150 வோல்ட்-ஆம்பியர், ஆனால் 920 வாட். தொடராக உள்ள ரெசிஸ்டரில் 60 வோல்ட், காயிலில் 80 வோல்ட் என்றால் சப்ளை 140 அல்ல, காயிலின் தடையை ஒதுக்கிவிட்டால் 100. இரண்டு அழுத்தங்களும் ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும்.

எர்த், நியூட்ரல், கிரவுண்ட்

"மின்னோட்டம் தடை குறைந்த பாதையில்தான் போகும்" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள். எல்லாப் பாதைகளிலும் போகும், தடைக்குத் தலைகீழ் விகிதத்தில். 10 வோல்ட்டுக்குக் குறுக்கே 10 ஓமும் 1,000 ஓமும் இருந்தால் ஒன்றில் 1 ஆம்பியர், மற்றதில் 10 மில்லி ஆம்பியர். இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். உடம்பு வழியே ஏறத்தாழ அந்த அளவு ஏசி பாய்ந்தாலே பிடித்த கையை விடமுடியாமல் போகக்கூடும்.

நியூட்ரல் பாதுகாப்பானது என்பதும் தவறு. ஒரு கட்டச் சுற்றில் ஃபேஸில் ஓடும் அதே மின்னோட்டம் நியூட்ரலிலும் ஓடுகிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால், சுமைப் பக்கம் தொங்கும் நியூட்ரல் முனையில் எர்த்தை ஒப்பிட்டு 230 வோல்ட் நிற்கும். விளக்கு எரியாது, தொட்டால் அடிக்கும். எர்த் கம்பியில் பழுதில்லாத நேரத்தில் கசிவு தவிர மின்னோட்டம் கிடையாது.

மின்னழுத்தத்தை அலைவடிவமாகத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் இது இன்னொரு வடிவில் வரும். மெயின்ஸில் இயங்கும் மேசை ஸ்கோப்பில் புரோபின் முதலைக் கிளிப், பவர் கார்டு வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். எல்லாச் சேனல்களின் கிளிப்புகளும் உள்ளே ஒன்றே. எனவே தொடர் சுற்றில் நடுவிலுள்ள ரெசிஸ்டரைப் பார்க்க ஒரு சேனலின் கிளிப்பைச் சுற்றின் கிரவுண்டிலும் மற்றதன் கிளிப்பை ரெசிஸ்டரின் கீழ்முனையிலும் மாட்டினால், இடையில் உள்ள பாகம் முழுவதும் ஷார்ட் ஆகிவிடும். மெயின்ஸோடு நேரடித் தொடர்புள்ள சுற்றில் கிளிப்பே எரியும். இரண்டு கிளிப்பையும் சுற்றின் கிரவுண்டில் வைத்து, புரோப் முனைகளை ரெசிஸ்டரின் இரு பக்கமும் தொட்டு, ஸ்கோப்பின் கணித வசதியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். மெயின்ஸ் சுற்று என்றால் டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தோடு இணைக்காமல் இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளப்பது) வேண்டும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு அளப்பது சில லேபுகளில் இன்னும் நடக்கிறது. அப்போது கிளிப் தொட்ட புள்ளியின் அழுத்தம் அப்படியே ஸ்கோப்பின் உலோகப் பாகங்களுக்கு வந்துவிடும்.