ஆர்சனலின் வெளிநாட்டுப் பதினொருவர்: லெஃப்ட் பேக்கில் தொடங்குங்கள்

லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனலுக்கு ஆடிய வெளிநாட்டு வீரர்களில் உங்களுக்குப் பிடித்த பதினொருவரைத் தேர்ந்தெடுக்கப் பேப்பரை எடுத்ததும் தியரி ஹென்றியின் பெயரை எழுதாதீர்கள். அவர் எப்படியும் வரத்தான் போகிறார். 228 கோல் அடித்தவரை யார் வெளியே உட்காரவைப்பார்கள்? ஆனால் முன்வரிசையில் தொடங்கினால் பத்து நிமிஷத்தில் ஆறு ஃபார்வர்டும் ஐந்து மிட்ஃபீல்டரும் சேர்ந்துவிடுவார்கள், கோலைக் காக்க ஆள் இருக்காது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த பாதிப் பட்டியல்கள் இந்த லட்சணத்தில்தான் இருந்தன.

முதல் வேலை, வெளிநாட்டுக்காரர் என்றால் யார் என்று முடிவு செய்வது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே வளர்ந்தவர் என்பது என் கணக்கு. பதினாறு வயதில் பார்சிலோனாவிலிருந்து வந்த செஸ்க் ஃபாப்ரிகாஸ் இதில் அடங்குவார். டப்ளின்காரரான லியம் பிராடி அடங்கமாட்டார். குழுவில் மூத்தவர் ஒருவர், "தம்பி, பிராடி இல்லாததெல்லாம் ஒரு ஆர்சனல் டீமா?" என்று இன்றும் கேட்கிறார். "அண்ணே, அவருக்குத் தனிப் பட்டியல் போடலாம்" என்று சொல்லித்தான் சமாளிக்கிறேன். விதியை ஒருவருக்காக வளைத்தால் அடுத்து வேல்ஸின் ஆரன் ராம்சே வருவார், அப்புறம் ஸ்காட்லாந்துக்காரர்கள் வரிசை கட்டுவார்கள்.

அடுத்தது காலம். 1930-லேயே கெர்ரி கெய்சர் என்ற டச்சு கோல்கீப்பர் ஆர்சனலுக்கு ஆடியிருக்கிறார். அதற்கு அடுத்த வருஷமே, இங்கிலாந்தில் இரண்டு வருஷம் குடியிருந்தால்தான் வெளிநாட்டு வீரர் ஆடலாம் என்று விதி வந்தது. அது 1978 வரை நீடித்ததால் நடுவில் பெரிய பள்ளம். எனவே நீங்கள் ஒரு முழு ஆட்டமாவது உட்கார்ந்து பார்த்தவர்களை மட்டும் எடுங்கள். யூடியூபில் மூன்று நிமிஷத் தொகுப்பு பார்த்தது சேராது. அதில் எல்லாருமே மேதைகள்தான்.

இப்போது லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். ஆர்சனலுக்கு அங்கேதான் சிக்கல். நைஜல் விண்டர்பர்ன், ஆஷ்லி கோல் என்று அந்த இடத்தைப் பல வருஷம் இங்கிலாந்துக்காரர்களே வைத்திருந்தார்கள். லீக்கில் தோல்வியே இல்லாத 2003-04 அணியை அப்படியே எடுத்துப்போடலாம் என்று நினைப்பவர்களும் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள். மிச்சம் இருப்பவர்களில் சில்வின்யோ, கெயில் கிளிஷி, நாச்சோ மோன்ரியால் மூவரும் முக்கியம். நான் மோன்ரியாலை எடுத்தேன். இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் 2017 அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டி ஒரு கோல் முன்னால். ஆக்ஸ்லேட் சேம்பர்லின் வலப்பக்கமிருந்து தூக்கிப் போட்ட பந்து எல்லாரையும் தாண்டிப் போகிறது. தூரத்து கம்பத்தருகே ஓடிவந்த மோன்ரியால், இடதுகால் ஆட்டக்காரர், அதை வலதுகாலாலேயே நேராக அடித்து உள்ளே தள்ளினார். அலட்டலே கிடையாது. அந்த இறுதிப்போட்டியில் மூன்று சென்டர் பேக்கில் (நடுத் தடுப்பாட்டக்காரர்கள்) ஒருவராகவும் நின்றார். லெஃப்ட் பேக் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சென்டர் பேக்குகளைத் தனித்தனியாகத் தேர்வு செய்யாதீர்கள், ஜோடியாக எடுங்கள். சாலிபா, காப்ரியேல் ஜோடிதான் தரத்தில் மேல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் நாம் பிடித்த அணியைத்தானே போடுகிறோம். எனக்கு கோசியெல்னியும் மெர்டசாக்கரும். ஒருவர் பாய்ந்து போய்ப் பறிப்பார், ஓட்டத்தில் மெதுவான மற்றவர் முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்பார். 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் ஹல் சிட்டியிடம் இரண்டு கோல் பின்தங்கிய பிறகு சமன் செய்தவர் கோசியெல்னி. 2017 இறுதியில் அவர் தடையில் இருக்க, அந்த சீசனில் அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடாத மெர்டசாக்கர் செல்சியைச் சமாளித்தார். ரைட் பேக்கில் லாரனா, பகாரி சான்யாவா என்றால் சான்யா. இந்த இருவரோடும் ஆடிப் பழகியவர்.

கோல்கீப்பர் யென்ஸ் லேமன். 2006-ல் வியாரியாலில் கடைசி நிமிஷங்களில் ரிகெல்மேயின் பெனால்டியைத் தடுத்து பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். அங்கே 18-வது நிமிஷத்தில் சிவப்பு அட்டை வாங்கினார். இரண்டும் சேர்ந்தவர்தான் லேமன்.

நடுவரிசையில்தான் மனசைக் கல்லாக்க வேண்டும். கசோர்லா, ஓசில், ஃபாப்ரிகாஸ், ஓடகார்ட் எல்லாரையும் வைக்க ஆசையாக இருக்கும். வேலை வாரியாக இடம் பிரியுங்கள்: பந்தைப் பறிக்க ஒருவர், அதைப் பிரித்துக் கொடுக்க ஒருவர், இரண்டு ஓரத்துக்கும் ஆள். எனக்கு நடுவில் வியேராவும் பெத்தியும். 1998 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்ஸின் மூன்றாவது கோலே வியேரா கொடுத்து பெத்தி அடித்தது. வலப்பக்கம் யுங்பெர்க், 2001, 2002 இரண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிகளிலும் கோல் அடித்தவர். இடப்பக்கம் ராபர்ட் பிரேஸ். 2002-ல் முழங்கால் அடிபட்டு சீசனின் கடைசியில் ஆட முடியாமல் போனார். பிரீமியர் லீக் கோப்பையை அவர் கையில் எடுத்தபோது சக வீரர்கள் கைகளை நீட்டி விழுந்து வணங்காத குறையாகக் குனிந்தார்கள். அதைப் பார்த்தவர்களிடம், அவருக்கு முன் அந்த இடத்தில் ஆடிய ஓவர்மார்ஸ் பேச்சை எடுக்காதீர்கள்.

முன்னால் பெர்க்காம்ப், ஹென்றி. இதற்கு விளக்கம் வேண்டாம்.

பெஞ்சில் ஒரு இடத்தை மட்டும் எந்த விதியும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். என் பெஞ்சில் அந்த இடம் டென்மார்க்கின் ஜான் ஜென்சனுக்கு. 1992 யூரோ இறுதிப்போட்டியில் கோல் அடித்தவர் என்று வாங்கினார்கள். ஆர்சனலுக்காக முதல் கோல் 1994-ன் கடைசி நாளில்தான் வந்தது, அதோடு சரி. அந்த ஆட்டத்திலும் கியூ.பி.ஆரிடம் தோல்வி. ஆனாலும் 'ஜென்சன் கோல் அடித்தபோது நான் அங்கிருந்தேன்' என்று ரசிகர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டார்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒரு சோதனை. 2005 பிப்ரவரி 14 அன்று கிரிஸ்டல் பேலஸை 5-1 என்று வென்ற ஆட்டத்தில், பெஞ்ச் உட்பட ஆர்சனலின் 16 பேருமே வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் எத்தனை பேர் உங்கள் பதினொருவரில் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். எனக்கு ஐந்து. எட்டு, ஒன்பது என்று வந்தால் நீங்கள் போட்டது கிளப்பின் அணி ஆகாது, ஒரு சீசனின் அணி. இரண்டு பேரையாவது மாற்றுங்கள்.

கேப்டன் வியேரா. பெனால்டி யார் அடிப்பது என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். 2005 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகப் பிரேஸ் பெனால்டியை நேராக அடிக்காமல் ஹென்றிக்குத் தட்டிவிடப் பார்த்து, பந்து சரியாக நகராமலே போனது. என் அணியில் ஹென்றிதான் அடிப்பார், தனியாக.