சூரியன் எழுமுன் எடுக்கும் படங்கள்: அடக்கமான நிலக்காட்சிக்கு ஒரு செய்முறை

விடியற்காலை நிலக்காட்சி என்றதும் பலரும் தேடுவது செக்கச் சிவந்த வானத்தையும் அதன் நடுவே எழும் சூரியனையும்தான். அந்த வகைப் படத்துக்கு இணையத்தில் செய்முறைகள் ஏராளம். இந்தப் பதிவு வேறு வகைக்கானது: நிறம் குறைவாக, பொருள் குறைவாக, பார்த்தவுடன் கூச்சலிடாத படங்களுக்கானது. எடுத்துக்காட்டாகச் சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரியை வைத்துக்கொள்கிறேன். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்து இதுவே பெரியது. ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு, தட்டையான கரை, நீரில் நட்ட கழிகள், சில படகுகள் என்பதற்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் இல்லை. இந்த வகைப் படத்துக்கு அதுவே வசதி. கேமராவை மேனுவல் முறையில் இயக்கவும் ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) சேமிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி: நேரம்

மேலைநாட்டுக் கையேடுகள் சொல்லும் ‘பொன்னொளி நேரம்’, அதாவது சூரியன் எழுவதை ஒட்டிய மென்மையான ஒளி நீடிக்கும் நேரம், நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுவதால் ஒளி மிக விரைவில் மாறிவிடுகிறது. லண்டனில் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் விடியல் வெளிச்சம் இங்கே 22, 23 நிமிடங்களில் முடிந்துவிடும். ஜனவரிக் கடைசியில் இப்பகுதியில் சூரியன் 6.35 மணியளவில் எழுகிறது, ஆகவே 5.45-க்கே கேமரா முக்காலியை (டிரைபாடை) ஊன்றியிருக்க வேண்டும். சூரியன் எழும்போது போய்ச் சேர்பவருக்கு இந்தப் பதிவால் பயனில்லை.

முக்காலி பற்றி ஒரு சொல்: ஏரிச் சேற்றில் கால்கள் புதையும் என்பதால் முதலில் நன்றாக அழுத்தி ஊன்றிவிட்டுப் பிறகு கேமராவைப் பொருத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்றில் முதலில் ஆடுவது அதுதான்.

இரண்டாம் படி: கிழக்கே பார்க்காதீர்கள்

சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு, வானம் தெளிவாக இருந்தால், மேற்கு அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டையும் அதன்மேல் வெளிர் ரோஜா நிறத்தில் இன்னொன்றும் தெரியும். கீழே இருப்பது வளிமண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழல். சூரியன் மேலே வர வர அது இறங்கி மறைந்துவிடும். அப்போது வானம் முழுவதுமே ஒரே பெரிய விளக்காக இருப்பதால் எந்தப் பொருளுக்கும் கடுமையான நிழல் விழாது. இந்த வகைப் படத்தின் கவர்ச்சிக்கு என் கணிப்பில் இந்த நிழலின்மையே முதற்காரணம்.

ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பை) தானியங்கியில் விட்டால் இந்த நீலத்தைக் குறை என்று எண்ணிக் கேமரா திருத்திவிடும். பகலொளி அமைப்பில், அதாவது 5200 முதல் 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு)

தொடக்கத்தில் இருப்போர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கவே கேமராவின் ஒளிமானி முயல்கிறது. எனவே 6 மணிக்கு இருண்டிருக்கும் ஏரியை அது நண்பகல் போல வெளுக்கச் செய்யும். அரை மணி கழித்து வெண்ணிற மூடுபனி படர்ந்ததும் அதே ஒளிமானி அந்த வெண்மையை அழுக்குச் சாம்பலாக்கும். ஒரே காலையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன: இருளில் மூன்றில் இரண்டு முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்) குறைக்க வேண்டும், மூடுபனியில் அதே அளவு கூட்ட வேண்டும்.

சரியாக வந்ததா என்று பின்திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இருளுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிறு திரை மிகப் பிரகாசமாகத் தெரியும். படம் நன்றாக வந்துவிட்டதாக நம்பி வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் எல்லாம் இருண்டிருக்கும். திரையின் ஒளியைக் குறைத்துக்கொண்டு ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடத்தை, மட்டும் பாருங்கள். மூடுபனிப் படத்தில் வரைபடத்தின் மேடு நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்க வேண்டும். வலது ஓரத்தில் முட்டக் கூடாது. இடது ஓரம் காலியாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம், மூடுபனிக்குள் உண்மையான கறுப்பு அநேகமாக இருப்பதில்லை.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8, இரண்டு நொடி டைமர் ஆகியவை போதும். மங்கிய ஒளியில் ஆட்டோஃபோகஸ் அலைபாய்வதால், லைவ் வியூவை (பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) பெரிதாக்கித் தொலைவிலுள்ள ஒரு கழியின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

நான்காம் படி: சட்டகம்

அகலக்கோண லென்ஸ் வேண்டாம். அது தேவையற்ற கரையையும் வானத்தையும் உள்ளே இழுத்துவந்து, படகைப் புள்ளியாகச் சுருக்கிவிடுகிறது. 70 முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸே என் தேர்வு; பனியின் அடுக்குகள் அதில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும். ஒரு கழி, அல்லது ஒரு படகு. மீதி வெறும் நீர். ஜப்பானின் ஹொக்கைடோ தீவுப் பனிவெளியில் ஒற்றை மரங்களை எடுத்த நிழற்படக் கலைஞர் மைக்கேல் கென்னாவின் படங்களைப் பார்த்தால், எவ்வளவை விலக்க முடியும் என்பது விளங்கும். பூநாரைகள் வந்திறங்கினால் ரசியுங்கள், ஆனால் அவற்றைத் துரத்திப் போக வேண்டாம். அது வேறு கலை, அதற்கு வேறு லென்ஸ்.

ஐந்தாம் படி: கணினியில்

நான் இலவச மென்பொருளான டார்க்டேபிளையே பயன்படுத்துகிறேன். மூடுபனி நீக்கும் வசதியையும் நிறச் செறிவைக் கூட்டும் வசதியையும் தொடவே வேண்டாம். வெளிச்சத்தைச் சரிசெய்து, சாய்ந்த அடிவானத்தை நேராக்கி நிறுத்திவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் எழுப்பிய இரண்டு சிக்கல்களைச் சேர்க்கிறேன்.

முக்காலி அசையாதபோதும் படகு மட்டும் ஏன் மங்குகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கட்டிவைத்த படகும் நீரில் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்தால் அந்த ஆட்டம் பதிந்துவிடும். படகு இருந்தால் ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600-க்கு ஏற்றி, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை முடிந்தவரை குறையுங்கள். கழி மட்டும் என்றால் நீண்ட எக்ஸ்போஷரே நல்லது, அலைகள் மழுங்கி நீர் சமதளமாகும்.

படம் முழுவதும் பால் போல வெளுத்திருப்பதை மூடுபனி என்றே இன்னொருவர் நினைத்திருந்தார். ஏசி ஓடிய காரிலிருந்து எடுத்த குளிர்ந்த லென்ஸின் மேல் ஈரக்காற்று படிந்திருக்கிறது, அவ்வளவுதான். துடைத்தால் மறுபடியும் படியும். ஊரை நெருங்கும்போதே ஏசியை அணைத்துவிடுங்கள். இறங்கிய பிறகு கேமராவை மூடிய பையிலேயே வெளியில் 20 நிமிடமாவது வைத்திருந்து எடுங்கள்.