பால் கவர கழுவி காயப்போடுங்க: சென்னையில வீட்டுக் குப்பைய பிரிக்கிற விதம்

காலையில விசில் சத்தம் கேட்டதும் கைக்கு கிடைச்ச கவர்ல எல்லாத்தையும் போட்டு முடிச்சு போட்டு கீழ ஓடிப்போய் வண்டியில கொடுத்துட்டு வர்றதுதான் இங்க பாதி வீட்ல நடக்குது, எங்க வீட்லயும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு நாள் உடைஞ்ச கண்ணாடி டம்ளர அப்படியே கவர்ல போட்டு கொடுத்துட்டேன், வண்டியில வர்ற அக்கா அத பிரிச்சு பாக்குறப்ப விரல் கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. நாம பிரிக்காம விட்டா இன்னொருத்தர் கையால பிரிக்கணும்ங்கறது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது.

2016ல வந்த திடக்கழிவு விதியே வீட்லயே மூணா பிரிக்கணும்னு சொல்லிடுச்சு. ஈரக் குப்பை, உலர் குப்பை, அப்புறம் ஆபத்தான குப்பை. வண்டியில பச்சைத் தொட்டி ஈரத்துக்கு, நீலத் தொட்டி உலர்ந்ததுக்கு. வீட்ல அதே கலர்ல வாங்கணும்னு ஒண்ணும் இல்ல, பழைய பெயின்ட் பக்கெட் ஒண்ணு, அரிசி சாக்கு ஒண்ணு, ஒரு சின்ன அட்டைப்பெட்டி, இது போதும்.

ஈரக் குப்பை: காய்கறித் தோல், மிச்ச சாப்பாடு, டீத்தூள், முட்டை ஓடு, வாழை இலை, சாமிக்கு போட்ட பூ. மூடி இருக்குற பக்கெட் வைங்க, அடியில நியூஸ்பேப்பர் ஒரு ஷீட் விரிச்சுட்டா நசநசன்னு ஒட்டாது. இத கவர்ல கட்டி மட்டும் கொடுக்காதீங்க, அப்படியே பச்சைத் தொட்டியில கவுத்துட்டு பக்கெட்ட எடுத்துட்டு வந்துடுங்க. உரம் போடுற இடமோ, சேத்துப்பட்டுல இருக்குற மாதிரி கேஸ் எடுக்குற பிளான்ட்டோ, எங்க போனாலும் உள்ள ஒரு கவர் கிடந்தா அத கையால பொறுக்கி எடுக்கணும். பூவ கட்டின நூல், டீ பேக்ல இருக்குற பின்னு, இதையும் எடுத்துட்டு போடுங்க.

உலர் குப்பையிலதான் எல்லாரும் கோட்டை விடுறோம். உலர் குப்பைன்னா நெஜமாவே உலர்ந்து இருக்கணும். சாம்பார் பட்ட அட்டைய, தயிர் ஒட்டின டப்பாவ யாரும் வாங்க மாட்டாங்க, அதோட சேர்ந்து கிடக்குற நல்ல பேப்பரும் நாறிப்போய் நேரா குப்பைக் கிடங்குக்கு போயிடும்.

பால் கவர எடுத்துக்கோங்க. மூலைய வெட்டுறப்ப முழுசா துண்டாக்காதீங்க, ஒரு ஓரம் ஒட்டியிருக்குற மாதிரி வெட்டுங்க, ஏன்னா அந்த குட்டி முக்கோணம் தனியா போச்சுன்னா அத யாரும் பொறுக்க மாட்டாங்க, சாக்கடைக்குத்தான் போகும். பால ஊத்தினதும் அரை டம்ளர் தண்ணி விட்டு குலுக்கி அந்த தண்ணிய செடிக்கு ஊத்திடுங்க, கவர சமையல் ரூம் ஜன்னல் கம்பியில கவுத்து மாட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். மாசக் கடைசியில கட்டா கட்டி பழைய பேப்பர் கடையில கொடுத்தா நிறைய கடையில எடைக்கு எடுத்துக்குறாங்க, நாறுற கவர்னா தொடக்கூட மாட்டாங்க.

பாட்டில், டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும் பாருங்க. 1 தண்ணி பாட்டில், 2 ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியானது, 5 ஹோட்டல் பார்சல் டப்பா. இதெல்லாம் மறுசுழற்சிக்கு போகும், காயலான் கடையிலயும் காசு உண்டு. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கெட் ரேப்பர்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டி செஞ்சது, பிரிக்கவே கஷ்டம், அதனால கடைக்காரர் எடுக்க மாட்டார். அத துடைச்சு உலர் சாக்குலயே போட்டு வண்டியில கொடுங்க. பில்லு, ஏடிஎம் சீட்டு இதுல மேல ஒரு கெமிக்கல் பூச்சு இருக்கு, பேப்பர் கட்டோட கலக்காதீங்க.

மூணாவது அட்டைப்பெட்டி. பேட்டரி, டியூப் லைட், தேதி முடிஞ்ச மாத்திரை, பிளேடு, ஊசி. தினமும் வராது, சேர்த்து வச்சு வண்டியில கொடுக்கும்போது இது இன்னதுன்னு வாயால சொல்லிக் கொடுங்க. நாப்கின், டயப்பர் மட்டும் அன்னன்னிக்கே போகணும், பேப்பர்ல நல்லா சுத்தி மேல சிவப்பு ஸ்கெட்ச்ல பெரிய புள்ளி வச்சு தனியா கையில கொடுங்க, பிரிச்சு பாக்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு வராது.

“பிரிச்சு கொடுத்தா வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க”ன்னு பக்கத்து வீட்ல கேப்பாங்க. சில நாள் நானும் அப்படி பாத்திருக்கேன், பாக்குறப்ப வயிறு எரியும். அன்னிக்கு ரெண்டு நிமிஷம் நின்னு நாமளே அந்தந்த தொட்டியில போட்டுட்டு வரலாம், தொடர்ந்து நடந்தா 1913க்கு போன் போட்டு புகார் பதியலாம், அது மாநகராட்சி நம்பர். கலந்து போறது எல்லாம் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குக்குத்தான் போகுது. பெருங்குடி கிடங்கு இருக்குறதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல. 2022 ஏப்ரல்ல அது பத்திக்கிட்டு நாள் கணக்கா எரிஞ்சப்ப சுத்துவட்டாரத்துல இருந்தவங்க ஜன்னல கூட திறக்க முடியல. காத்து படாம அமுங்கிக் கிடக்குற ஈரக் குப்பையில இருந்து வர்ற மீத்தேன் சட்டுனு தீப்பிடிக்கும், நம்ம வீட்டு மிச்ச சோறும் அதுல சேர்த்திதான்.

கண்ணாடி உடைஞ்சா நான் இப்ப செய்யுறது இதுதான். துண்டுங்கள நாலு மடிப்பு நியூஸ்பேப்பர்ல சுத்தி, ஒரு பழைய அட்டை டப்பாவுல வச்சு டேப் ஒட்டி, மேல பெருசா ‘கண்ணாடி’ன்னு எழுதிடுவேன். அத சாக்குல போடாம அந்த அக்கா கையிலயே கொடுத்து, “அக்கா, கண்ணாடி இருக்கு, பாத்து”ன்னு சொல்லிட்டு வருவேன்.