பிடித்த கலர் டிசைன் ஸ்வெட்டர் சிறிதாகிவிட்டதா? மறுபடி பின்னுவதற்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசையாகப் போட்ட ஸ்வெட்டர் இறுக்கமாகிவிட்டால் பலருக்கும் முதலில் கை பரபரப்பது அதைப் பிரித்துப் போடத்தான். நூல் இருக்கிறது, டிசைன் மனப்பாடம், கூட ரெண்டு உண்டை வாங்கினால் ஆயிற்று என்று தோன்றும். ஒரே நிறத்தில் பின்னியது என்றால் அது ஓரளவு சரி. பல நிறம் கலந்து டிசைன் போட்டுப் பின்னியதில் இந்தக் கணக்கு எடுபடாது.

பழைய ஸ்வெட்டரில் நூலைவிட மதிப்பானது அதற்குள் இருக்கும் எண்கள். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி (பின்னலின் ஒரு வளையம்), 10 செ.மீ. உயரத்தில் எத்தனை வரிசை, கைக்கு எங்கே பிரிந்தது, கழுத்துக்கு எந்த வரிசையில் குறைந்தது என்பதெல்லாம் அதில்தான் எழுதி வைத்ததுபோல இருக்கிறது. பிரித்தால் அத்தனையும் போச்சு. புதியது நெஞ்சுவரை ஏறும்வரை பழையதைத் தொடாமல் வைத்திருப்பதே நல்லது. டிசைனைக் கட்டம் போட்ட தாளில் கண்ணி கண்ணியாக எடுத்து வையுங்கள். வெளிப்பக்கத்தோடு உள்பக்கத்தையும் படம் எடுங்கள். அது எதற்கு என்று கீழே வரும்.

அடுத்த தவறு, எங்கே பிடிக்கிறது என்று பார்க்காமலே முழுசாகத் திரும்பப் பின்ன உட்கார்வது. நீளம் மட்டும்தான் குறை என்றால், கீழே பார்டருக்கு மேல் ஒரே நிறமாக ஓடும் வரிசையில் ஒரு கண்ணியை வெட்டி, அந்த வரிசையை உருவி, கண்ணிகளை ஊசியில் எடுத்துக்கொண்டு கீழ்நோக்கிப் பின்னிவிடலாம். கை நீளத்துக்கும் இதே வழிதான். எதிர்த்திசையில் பின்னும்போது கண்ணிகள் அரைக் கண்ணி தள்ளி உட்காரும். ஒரே நிறத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. டிசைனின் நடுவில் வெட்டினால் பளிச்சென்று தெரியும். துவைத்ததில் கம்பளி சுருங்கி, இழையோடு இழை ஒட்டிப்போய்ச் சிறிதான ஸ்வெட்டர் வேறு கதை. அதைப் பிரிக்கவும் முடியாது, இழுத்துப் பெரிதாக்கவும் முடியாது. அளவு குறித்துக்கொண்டு புது நூல் வாங்க வேண்டியதுதான்.

சரி, பழைய நூலையே பயன்படுத்தியே தீருவேன் என்பவர்களுக்கு: முதலில் அது முழு நூலாக வருமா என்று பாருங்கள். வட்டமாகப் பின்னி, பிறகு நடுவில் வெட்டித் திறந்த கார்டிகன் (முன்பக்கம் திறந்து மூடும் ஸ்வெட்டர்) என்றால் ஒவ்வொரு சுற்றும் தனித் துண்டாகத்தான் வரும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள ஃபேர் ஐல் தீவின் பெயரால் அறியப்படும் டிசைன்களில் ஒரு சுற்றில் இரண்டு நிறம்தான் வரும். ஆனால் சில சுற்றுகளுக்கு ஒருமுறை நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது முடிச்சும் துண்டுமே. முழங்கையிலும் மணிக்கட்டிலும் நூல் தேய்ந்து மெலிந்திருக்கும், அதைத் தனியாக ஒதுக்க வேண்டும். பிரிக்கத் தொடங்குவது எப்போதும் பின்னி முடித்த முனையிலிருந்து. கீழிருந்து மேலே பின்னியது கழுத்திலிருந்து பிரியும், மேலிருந்து கீழே பின்னியது கீழ் பார்டரிலிருந்து பிரியும். ஆரம்ப முனையில் எவ்வளவு இழுத்தாலும் சிக்குமே ஒழியப் பிரியாது.

பிரித்த நூல் சுருள் சுருளாக வரும். அதை அப்படியே உண்டையாகச் சுற்றி, அளவு பார்ப்பதற்கான மாதிரித் துண்டு பின்னினால், அந்தத் துண்டு பொய் அளவு சொல்லும். நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் சீக்கிரம் நிமிரட்டும் என்று கீழே கனமாக எதையும் கட்டக்கூடாது. இழை நீண்டுவிடும், பிறகு துவைக்கும்போது பழையபடி சுருங்கும்.

அளவு எடுப்பதில் நடக்கும் தவறு நுணுக்கமானது. டேப்பை உடம்பில் சுற்றிவிட்டு அந்த எண்ணையே ஸ்வெட்டருக்கும் வைத்துவிடுகிறார்கள். கலர் டிசைன் துணியின் உள்பக்கம், அந்த இடத்தில் பின்னாத நிறத்தின் நூல் குறுக்கே ஓடுவதால் அது சாதாரணப் பின்னல்போல நெகிழாது, தடிமனும் கூட. ஒரே நிற ஸ்வெட்டர் உடம்பு அளவிலேயே அழகாக உட்காரலாம். கலர் டிசைன் ஸ்வெட்டருக்கு நெஞ்சுச் சுற்றளவில் 5 முதல் 10 செ.மீ. வரை தளர்வு வேண்டும். இதைவிட எளிய வழி, இப்போது வசதியாகப் போட்டுக்கொள்ளும், கிட்டத்தட்ட அதே தடிமனுள்ள வேறொரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரண்டால் பெருக்குவது.

இனி இதில் மிகவும் சிக்கலான இடத்துக்கு வருவோம். ஒரே நிறத்தில் எத்தனை கண்ணி வேண்டுமானாலும் கூட்டலாம், யாரும் கேட்கப்போவதில்லை. டிசைனில் அது முடியாது. பழைய ஸ்வெட்டரில் 216 கண்ணி, 10 செ.மீ.க்கு 24 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 90 செ.மீ. ஒரு பெரிய நட்சத்திரம் 24 கண்ணி என்றால் சுற்றிலும் 9 நட்சத்திரம். இப்போது 95 செ.மீ. வேண்டும், அதாவது 228 கண்ணி. 228-ஐ 24-ஆல் வகுத்தால் ஒன்பதரை வரும். அரை நட்சத்திரம் எங்கே போகும்? பலர் இதை அக்குளுக்குக் கீழே, சுற்று ஆரம்பிக்கும் இடத்தில் தள்ளிவிட்டு, கையைக் கீழே போட்டால் தெரியாது என்று சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். தெரியும். கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் தெரியும்.

வழி இருக்கிறது. இரண்டு பக்கவாட்டிலும், ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், தலா 6 கண்ணி அகலத்தில் அடர் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி வரும் நேர்க்கோட்டுப் பட்டை சேர்த்தால் 216 அப்படியே 228 ஆகிவிடும், நட்சத்திரம் எதுவும் உடையாது. என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி; பின்னாளில் இன்னும் கொஞ்சம் அகலம் தேவைப்பட்டாலும் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். இல்லையென்றால் 10 நட்சத்திரமாக, 240 கண்ணியாக ஆக்கிவிட்டு, கொஞ்சம் மெல்லிய ஊசியில் 10 செ.மீ.க்கு 25 கண்ணி வருகிற மாதிரி பின்னினால் 96 செ.மீ. வரும். சின்ன டிசைன் வரிசைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. 228 கண்ணியில் 4, 6, 12 கண்ணி டிசைன்கள் எல்லாம் மிச்சமில்லாமல் அடங்கும்.

கண்ணி வகுபட்டால் மட்டும் போதாது, டிசைன் நடுவில் உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். 9 நட்சத்திரம் உள்ள ஸ்வெட்டரில் முன்பக்க நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்தால், பின்பக்க நடுவில் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம்தான் வரும். 10 ஆனால் இரண்டு பக்கமும் பொருந்தும். இப்போது மாற்றும்போது முன்பக்க நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போய்ச் சுற்று ஆரம்பத்தை முடிவு செய்யுங்கள். சுற்று ஆரம்பத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் நடு தப்பிவிடும்.

தோளைச் சுற்றி வட்டமாக டிசைன் வரும் ஐஸ்லாந்து பாணி ஸ்வெட்டரில் கவனம் வரிசைகளின் மேலும் இருக்கவேண்டும். தடித்த நூலுக்கு மாறினால் அகலம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைப்பது வழக்கம். அகலம் கிடைக்கும், கூடவே உயரமும் ஏறும். தோளைச் சுற்றி வரும் அந்த வட்டப் பகுதி (யோக்) 60 வரிசை என்றால், 10 செ.மீ.க்கு 28 வரிசையில் சுமார் 21.5 செ.மீ. இருக்கும், 26 வரிசையில் சுமார் 23 செ.மீ. ஆகிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று விட்டால், அக்குள் அந்த அளவுக்குக் கீழே இறங்கி, கையைத் தூக்கும்போது ஸ்வெட்டர் முழுவதும் மேலே ஏறும். டிசைன் பட்டைகளுக்கு இடையே ஒரே நிறமாக வரும் வரிசைகளில் ஒன்றிரண்டைக் குறைத்து இதைச் சரிக்கட்டலாம்.

மாதிரித் துண்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், எப்படிப் பின்னுவது என்று சொல்லமாட்டார்கள். ஸ்வெட்டரை வட்டமாகப் பின்னப்போகிறீர்கள் என்றால் துண்டையும் வட்டமாகத்தான் பின்ன வேண்டும். முன்னும் பின்னுமாகத் திரும்பிப் பின்னும்போது பலருக்கு இறுக்கம் மாறும். துவைத்துக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். ஒரே நிறப் பகுதிக்கும் டிசைன் பகுதிக்கும் தனித்தனித் துண்டு போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் பலருக்கு டிசைன் பகுதி இறுகிவிடும். அங்கே மட்டும் கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறினால் போதும். கைப்பகுதி சின்ன வட்டம் என்பதால் அதில் இறுக்கம் இன்னும் கூடும், அதையும் தனியாகக் கவனியுங்கள்.

துணியின் உள்பக்கம் ஓடும் நூலை இழுத்துப் பிடிப்பதுதான் புது ஸ்வெட்டரும் இறுக்கமாவதற்குப் பெரிய காரணம். நிறம் மாற்றும்போதெல்லாம் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் அகட்டிவிட்டு, பிறகு அடுத்த நிறத்தை எடுங்கள். தடித்த நூலுக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்பக்கம் 7 கண்ணி தாண்டும் நூல், 10 செ.மீ.க்கு 24 கண்ணி என்ற அளவில் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 18 கண்ணி அளவில் கிட்டத்தட்ட 4 செ.மீ. போட்டுக் கழற்றும்போது விரல் மாட்டும். நடுவில் ஒருமுறை பின்னிக் கோர்த்துவிடுங்கள், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கோர்க்காதீர்கள்; வெளிப்பக்கம் கோடு விழும்.

உள்பக்கப் படம் இப்போது உதவும். இரண்டு நூலில் எது கீழாக ஓடுகிறதோ, அந்த நிறத்தின் கண்ணிகள் வெளிப்பக்கம் சற்றுப் பெரிதாக எடுப்பாகத் தெரியும். பழையதில் எந்த நிறம் கீழே ஓடியது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். பாதியில் மேல் நூலும் கீழ் நூலும் இடம் மாறினால் டிசைன் மங்கிப்போனதுபோல இருக்கும், காரணமும் லேசில் பிடிபடாது.

நிறம் வாங்கப்போகும்போது ஸ்வெட்டரின் வெளிப்பக்கத்தோடு ஒப்பிடாதீர்கள், வெயிலில் வெளுத்திருக்கும். மடித்துத் தைத்த ஓரத்தின் உள்பக்கம்தான் அசல் நிறம். புது நூல்களை அருகருகே வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் எடுபடாது. மாதிரித் துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அமுக்கினால் சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும். நூலின் அளவுக்குப் பழைய ஸ்வெட்டரைத் தராசில் வையுங்கள். அகலமும் நீளமும் 10 சதவீதம் கூடினால் நூல் 21 சதவீதம் கூடும். 400 கிராம் ஸ்வெட்டருக்கு 484 கிராம். அதற்கு மேல் ஒரு உண்டை கூடுதலாக, ஒரே சாயத் தொகுதியில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதில்) வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, முன்பக்கம் வெட்டித் திறக்கும் கார்டிகன். ஷெட்லாண்ட் கம்பளியில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வெட்டினாலும் சட்டென்று ஓடாது. மெஷினில் துவைக்கலாம் என்று விற்கும் வழுவழு கம்பளியும் பருத்தியும் அப்படியில்லை. வெட்டும் கோட்டின் இருபுறமும் தையல் மெஷினில் நெருக்கமாக இரண்டு வரிசை தைத்த பிறகே கத்திரி வைக்க வேண்டும். துணிச்சல் வரவில்லையென்றால், வட்டமாகப் பின்னிய அந்த மாதிரித் துண்டையே முதலில் தைத்து வெட்டி, ஓரத்தை இழுத்துப் பாருங்கள்.