மேடையமைப்பு இல்லாத ஓபராவில் பாடகரை வளர்ப்பது எப்படி

1965 ஏப்ரலில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் 'லுக்ரேசியா போர்ஜா' என்ற ஓபரா (பாடியே நடிக்கும் இசைநாடகம்) கச்சேரி வடிவில் நிகழ்ந்தபோது, மெரிலின் ஹோர்னுக்குப் பதிலாகப் பாட வந்த மொன்செராட் கபாயே அந்த ஒரே இரவில் பெரும்புகழ் பெற்றார். அத்தகைய இரவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனாலும், வேட உடையும் திரைச்சீலையும் நடமாட்டமும் இல்லாத கச்சேரி, முறையாகத் திட்டமிட்டால், வளரும் பாடகருக்கு மிகச் சிறந்த பயிற்சிக்களமாகும்.

முதலில் பாத்திரத் தேர்வு. "நடிக்க வேண்டியதில்லை, ஒரு முறைதானே" என்று இளம் குரலுக்கு இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் கனமான பாத்திரத்தைக் கொடுப்பது அமைப்பாளர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஓபரா அரங்கில் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் அமரும் ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழு, கச்சேரியில் பாடகரின் முதுகுக்குப் பின்னால் மேடையிலேயே முழங்குவதால், சுமை குறைவதில்லை, கூடுகிறது. அந்த முழக்கத்தோடு போட்டியிட்டுத் தொண்டையை இறுக்க வேண்டியதில்லை என்பதையும் பாடகருக்குச் சொல்ல வேண்டும். ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் அளவில் மிகுந்திருக்க, பயின்ற குரல் 3000 ஹெர்ட்ஸ் அருகே தனக்கென ஓர் இடைவெளியைக் கண்டுகொள்கிறது.

ஒத்திகையை இசையின்றித் தொடங்குங்கள். வரிகளை நாடக வசனம்போல் பேசவைத்து, ஒவ்வொரு சொல்லின் பொருளும் பிடிபட்ட பிறகே பியானோவுக்குச் செல்லலாம். ஆர்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து பாடும் ஒத்திகைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டே கிடைக்கும் என்பதால், ஆர்கெஸ்ட்ராவைக் கையசைத்து வழிநடத்தும் கண்டக்டர் பாடகருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பில் அவருடைய கையைப் பார்க்காமல் செல்லோ, பாஸ் ஆகிய தாழ்சுருதி நரம்புக் கருவிகளின் ஓட்டத்தைக் கேட்டே நுழையும் பழக்கத்தைப் பியானோ நாட்களிலேயே உண்டாக்கிவிட வேண்டும்.

பாடகரின் கண்ணைப் பறிப்பது இசைக்குறிப்பு ஏடுதான். ஸ்டாண்டை நெஞ்சுக்குக் கீழே, ஏறக்குறைய மட்டமாகச் சாய்த்து வையுங்கள். பக்கம் புரட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு தாளக்கட்டங்களை (bar) மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' மூன்றாம் அங்கத்தில் பணிப்பெண் சூசன்னாவின் வருகைக்காகக் காத்திருக்கும் கோமகளை (கவுண்டஸ்) எடுத்துக்கொள்வோம். நாடக மேடையில் அவள் உலாவிப் பொறுமையின்மையைக் காட்டிவிடலாம். இங்கே, ஆர்கெஸ்ட்ராவின் அடுத்த சுரக்கட்டு ஒலிப்பதற்கு ஒரு கணம் முன்பே அவள் பார்வையில் அந்த எண்ணம் பிறந்திருக்க வேண்டும். அந்தக் கணத்தில் கண் ஏட்டில் இருந்தால் கோமகள் மறைந்து, படிப்பவர் மட்டுமே மிஞ்சுகிறார்.

நிகழ்ச்சியன்று இரவே குறை சொல்லாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்டு, திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுங்கள். மாற்றுப் பாடகரையும் மறந்துவிடக்கூடாது: பியானோவுடன் முழு ஓபராவையும் ஒருமுறை பாடும் வாய்ப்பு அவருக்கு உறுதியாக இருந்தால்தான், அவசர அழைப்பு வரும் நாளில் அவரால் துணிந்து மேடையேற முடியும்.