ஃப்ரேசல் வெர்ப்: பட்டியலை மனப்பாடம் செய்யாமல் பழகுவது எப்படி?

ஆங்கிலத்தில் கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. ஆனால் கிவ் அப் என்றால் கைவிடு. லுக் என்றால் பார். லுக் ஃபார் என்றால் தேடு, லுக் இன்டு என்றால் விசாரி. இப்படி ஒரு வினைச்சொல்லும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லும் சேர்ந்து வேறொரு பொருள் தருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். அந்தக் குட்டிச் சொல் சில இடங்களில் அட்வெர்ப் (வினையுரிச்சொல்), சில இடங்களில் ப்ரெபொசிஷன் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இடைச்சொல்).

இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களும் தடுமாறும் இடம் இது. 1755-இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, இந்த வகைச் சேர்க்கைதான் வெளிநாட்டவருக்குப் பெரும் சிரமம் தருகிறது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆகவே, இது உங்களுக்கு மட்டும் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

பலரும் நீளமான பட்டியலை எடுத்து அகர வரிசைப்படி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. பொருள் நினைவில் நின்றாலும், வாக்கியத்தில் எதை எங்கே வைப்பது என்பது வராது. கீழே உள்ள வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: தமிழில் ஏற்கெனவே செய்வதைக் கவனியுங்கள்

'குழந்தையைப் பார்' என்பதும் 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்பதும் ஒன்றா? எழுதினாள், எழுதி வைத்தாள், எழுதிப் பார்த்தாள், எழுதித் தள்ளினாள் என்று ஒரே வினையை நாம் எத்தனை விதமாக வளைக்கிறோம்! நாம் இரண்டாவது வினை ஒன்றைச் சேர்க்கிறோம். ஆங்கிலம் அப், டவுன், ஆஃப், அவுட் போன்ற சொல்லைச் சேர்க்கிறது. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். ரைட் டவுன் என்றால் எழுதி வை. ஈட் அப் என்றால் சாப்பிட்டு முடி. எனவே இரண்டு சொற்களையும் பிரித்துப் பொருள் தேடாமல், முழுதாக ஒரே வினையாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பேச்சுப் பழக்கம் ஒன்று இங்கே காலை வாரிவிடும். 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று சொல்லிச் சொல்லி, ஆஃப் என்பதே வினை போல நமக்குப் பதிந்துவிட்டது. அதனால்தான் 'ஆஃப் த ஃபேன்' என்று ஆங்கிலத்திலும் வந்துவிடுகிறது. அங்கே வினை டர்ன் அல்லது ஸ்விட்ச். 'டர்ன் ஆஃப் த ஃபேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

படி 2: 'இட்' எங்கே உட்காரும் என்று பாருங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

'டர்ன் ஆஃப் த லைட்' சரி. 'டர்ன் த லைட் ஆஃப்' என்பதும் சரி. இப்போது லைட்டுக்குப் பதிலாக இட் போடுங்கள். 'டர்ன் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. இப்படிப் பிரியும் சேர்க்கையில் இட், ஹிம், ஹெர், தெம், மீ போன்ற சிறிய பதிலிச் சொல் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்.

அடுத்து லுக் ஆஃப்டர். 'லுக் ஆஃப்டர் த பேபி' சரி. 'லுக் த பேபி ஆஃப்டர்' தவறு. ஹெர் போட்டாலும் 'லுக் ஆஃப்டர் ஹெர்' தான். நடுவில் எதையும் நுழைக்க முடியாது.

காரணம், ஆஃப் இங்கே அட்வெர்ப். அது வினையோடு சேர்ந்தது, ஆனாலும் இடம் மாறும். ஆஃப்டர் இங்கே ப்ரெபொசிஷன். அது தனக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், விட்டு நகராது.

வாயால் சொல்லிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது அழுத்தம் ஆஃப் மேல் விழுகிறது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்னும்போது லுக் மேல் விழுகிறது. நாலைந்து முறை உரக்கச் சொல்லுங்கள். விதியை விடக் காது சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

இன்னொரு நுணுக்கம்: பெயர்ச்சொல் தொடர் மிக நீளமாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். 'நேற்று மேலாளர் கேட்ட அந்தக் கூட்டத்தை' என்ற அளவுக்கு நீளும் ஒன்றை, புட் ஆஃப் (தள்ளிப்போடு) என்பதில் 'புட்'டுக்கும் 'ஆஃபு'க்கும் நடுவில் திணித்தால், கேட்பவர் ஆஃப் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். புட் ஆஃப் என்று முதலில் சொல்லிவிட்டு, மீதியைப் பின்னால் சொல்லுங்கள்.

படி 3: குட்டிச் சொல்லின் குணத்தைப் பிடியுங்கள்

எல்லாச் சேர்க்கைக்கும் காரணம் கிடைக்காது. ஆனாலும் சில சொற்களுக்கு ஒரு போக்கு உண்டு. அப் பல இடங்களில் 'முழுக்க முடித்துவிடு' என்ற பொருளைத் தரும்: யூஸ் அப், ட்ரிங்க் அப், ஈட் அப். நம் 'தீர்த்துவிடு' போல. ஆன் தொடர்ச்சியைக் காட்டும்: கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன். டவுன் குறைவதையோ நின்றுபோவதையோ சொல்லும்: ஸ்லோ டவுன், காம் டவுன், பிரேக் டவுன். அவுட் தெரியாதது வெளிப்படுவதைக் காட்டும்: ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட்.

இவை விதிகள் அல்ல, ஊகிக்க உதவும் குறிப்புகள் மட்டுமே. பர்ன் அப், பர்ன் டவுன் இரண்டுமே எரிந்துபோவதைத்தான் குறிக்கின்றன. கட்டடம் எரிந்து தரைமட்டமானால் பர்ன் டவுன் என்பார்கள்.

படி 4: மூன்று சொல் சேர்க்கைகள்

புட் அப் வித் (பொறுத்துக்கொள்), கம் அப் வித் (யோசனையைக் கண்டுபிடித்துச் சொல்), லுக் ஃபார்வர்ட் டு (ஆவலோடு எதிர்பார்). இவற்றில் முதலில் அட்வெர்ப், அடுத்து ப்ரெபொசிஷன். பொதுவாக இவற்றைப் பிரிக்க முடியாது.

லுக் ஃபார்வர்ட் டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. இந்த டு ஒரு ப்ரெபொசிஷன். அதனால் பின்னால் வரும் வினை 'இங்' என்ற விகுதியை ஏற்க வேண்டும். 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' சரி, 'டு மீட் யூ' தவறு. மின்னஞ்சலின் கடைசி வரியில் அதிகம் காணப்படும் பிழை இதுதான்.

அப்புறம், கோப் அப் வித் என்று ஒன்று கிடையாது. கோப் வித் (சமாளி) மட்டுமே. அதேபோல டிஸ்கஸுக்குப் பின் அபவுட் வேண்டாம், ரிட்டர்னுக்குப் பின் பேக் வேண்டாம்.

படி 5: ஒரு சேர்க்கை, பல பொருள்

பிக் அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பேனாவை எடுத்தால் பிக் அப். நண்பரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் பிக் அப். பாடமாகப் படிக்காமல், கேட்டுக் கேட்டே ஒரு மொழியைப் பழகிக்கொண்டாலும் பிக் அப். மந்தமாக இருந்த வியாபாரம் சூடுபிடித்தால் அதுவும் பிக் அப். ஆனால் இந்தக் கடைசிப் பொருளில் அதற்குப் பின்னால் செயப்படுபொருள் வராது. நான்கையும் ஒரே நாளில் படிக்க வேண்டியதில்லை. படிக்கும் வாக்கியத்தில் எந்தப் பொருள் வந்ததோ, அதை மட்டும் அந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

படி 6: அகராதியையும் நோட்டையும் பயன்படுத்துங்கள்

கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் ஃப்ரேசல் வெர்புகள் பெரும்பாலும் முதன்மை வினைக்கு அடியில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். புட் ஆஃப் பார்க்கப் போனால் புட் என்ற சொல்லுக்குப் போங்கள். அங்கே 'புட் சம்திங் ஆஃப்' என்று நடுவில் சம்திங் இருந்தால், அது பிரியக்கூடியது. 'லுக் ஆஃப்டர் சம்பாடி' என்று கடைசியில் மட்டுமே இருந்தால் பிரியாதது. நோட்டிலும் இதே போல எழுதுங்கள். பொருளை மட்டும் எழுதினால் படி 2-இல் பார்த்த சிக்கல் திரும்பி வரும்.

பக்கத்திலேயே அதே பொருள் தரும் ஒற்றைச் சொல்லையும் குறித்துக்கொள்ளலாம்: புட் ஆஃப் – போஸ்ட்போன்; புட் அப் வித் – டாலரேட்; லுக் இன்டு – இன்வெஸ்டிகேட். பேச்சிலும் நண்பருக்கு அனுப்பும் செய்தியிலும் முதல் வடிவம் இயல்பாக இருக்கும். அலுவலகக் கடிதம், ஆய்வுக் கட்டுரை என்றால் இரண்டாவது பொருத்தம்.

எழுதி முடித்ததும் ஒரு சின்னப் பயிற்சி. கால் ஆஃப் (ரத்து செய்), ரன் இன்டு (தற்செயலாகச் சந்தி) இரண்டுக்கும் இட் அல்லது ஹிம் சேர்த்து ஒவ்வொரு வாக்கியம் சொல்லுங்கள். 'தே கால்ட் இட் ஆஃப்', 'ஐ ரான் இன்டு ஹிம்' என்று வந்தால் சரி.