மெஷ் போடுவதற்கு முன்: கேட் மாதிரியைச் செப்பனிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் வரைந்த வடிவத்தை (கேட், CAD மாதிரி) பகுப்பாய்வுக்காகச் சிறு கூறுகளாகப் பிரிப்பதே மெஷ் போடுவது. அதற்கு முன் அந்த வடிவத்தைச் செப்பனிடுவதில், பணியில் புதிதாகச் சேருபவர்கள், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த தவறுகளையே இன்றும் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். அலகைச் சரிபார்ப்பது போன்ற எல்லாரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

இடைவெளி மூடும்வரை டாலரன்ஸைக் கூட்டுவது

ஐஜெஸ் (IGES) என்ற கேட் பரிமாற்றக் கோப்பில் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாத பரப்புகளே வரும். ஹைப்பர்மெஷ் என்ற மெஷ் போடும் மென்பொருளில் திறந்தால், இணையாத விளிம்புகள் சிவப்பாகவும் இரு பரப்புகள் பகிரும் விளிம்புகள் பச்சையாகவும் தெரியும். 0.01 மி.மீ. டாலரன்ஸில் தைத்த பிறகும், அதாவது அந்த அளவுக்குள் உள்ள இடைவெளிகளை மூடி விளிம்புகளை இணைத்த பிறகும், சில சிவப்புக் கோடுகள் எஞ்சினால், 0.1, பிறகு 0.5 என்று கூட்டி, எல்லாம் மறைந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

ஒரு மையவிலக்குப் பம்ப்பின் மாதிரியில் இப்படித்தான் நடந்தது. இம்பெல்லருக்கும் (சுழலும் சக்கரம்) கேசிங்கின் (வெளிக்கூடு) வியர் ரிங்குக்கும் (தேய்மான வளையம்) இடையே வடிவமைப்பாளர் வேண்டுமென்றே விட்டிருந்த 0.3 மி.மீ. இடைவெளியின் இரு விளிம்புகளையும் 0.5 மி.மீ. டாலரன்ஸ் ஒன்றாக்கிவிட்டது. கசிவுப் பாதையே இல்லாமல் போனதால், கணக்கீடு தடையின்றி முடிந்தும், சோதனை மேடையில் கிடைத்ததைவிடச் செயல்திறன் கூடுதலாக வந்தது. காரணம் தெரியாமல் டர்புலன்ஸ் மாடலை (கொந்தளிப்பான ஓட்டத்தைக் கணிக்கும் கணித மாதிரியை) மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் மஞ்சள் கோடு, அதாவது மூன்றோ அதற்கு மேலோ பரப்புகள் ஒரே விளிம்பில் சேர்ந்திருப்பதற்கான அடையாளம், முதல் நாளிலிருந்தே திரையில் இருந்தது. ஒருவரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. இன்றும் இதே தவறு என் மேசைக்கு வரும்போது எரிச்சலாகவே இருக்கிறது.

தைப்பதற்கு முன் மாதிரியின் மிகச் சிறிய உண்மையான இடைவெளியையும் தடிமனையும் அளந்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டாலரன்ஸை உயர்த்தாதீர்கள். எஞ்சும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழுதான பரப்பை நீக்கி, சுற்றியுள்ள விளிம்புகளிலிருந்து புதிய பரப்பை எழுப்புங்கள். முடிந்தால், பரப்புகளின் இணைப்பையும் சேர்த்தே கொண்டுவரும் ஸ்டெப் (STEP) திடக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பாதி வேலை அங்கேயே குறையும்.

ஃபில்லட்டுகளை ஒட்டுமொத்தமாக நீக்குவது

சுமை செல்லும் வழியில் உள்ள உட்புற ஃபில்லட்டை (மூலையை மழுக்கும் வளைவை) நீக்கினால் கூர்மூலைதான் மிஞ்சும். நேரியல் மீட்சிப் பகுப்பாய்வில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அங்கே தகைவு (ஸ்ட்ரெஸ்) ஏறிக்கொண்டே போகுமே தவிர, ஒரு மதிப்பில் நிற்காது. சுமையற்ற வெளி விளிம்புகளில் தாராளமாக நீக்கலாம்.

ஸ்லிவர் பரப்புகள்

மிகக் குறுகிய கீற்றுகளான இவற்றை அண்டைப் பரப்போடு சேர்த்துவிடுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைப் பரப்பு

ஒன்றை நீக்குங்கள்.

வடிவத்தை விட்டுவிட்டு மெஷ்ஷைத் திருத்துவது

மெஷ்ஷின் கணுக்களை (கூறுகள் சந்திக்கும் புள்ளிகளை) கையால் இழுத்துச் சரிசெய்த உழைப்பெல்லாம், வடிவமைப்பாளர் அடுத்த திருத்தத்தை அனுப்பும் நாளில் வீணாகும். பழுதான இடத்தைக் குறித்து அனுப்பி, மூலக் கேட் கோப்பிலேயே திருத்தித் தரச் சொல்லுங்கள்.